சூரிக் – மிலான் ரயில்: ஜோடியாகப் போனவர்கள் சொல்லுங்கள்

ஜன்னலோரம்:
போன மே மாதம் நடந்தது. சுவிட்சர்லாந்தின் வாஸன் கிராமத்துச் சர்ச் பற்றி உங்களுக்கே தெரியும். ரயில் சுற்றிச் சுற்றி மலையேறுவதால் அதே சர்ச் மூன்று முறை கண்ணில் படும்: முதலில் தலைக்கு மேலே, பிறகு நேரே, கடைசியில் காலடியில். என் வீட்டுக்காரர் இரண்டு மாதமாக இதையே சொல்லிக்கொண்டிருந்தார். ஃப்ளூயலன் ஊரில் ஏரியைத் தாண்டியதும் செல்போனைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டார். எர்ஸ்ட்ஃபெல்ட் நெருங்கியது. சட்டென்று இருட்டு. "சின்னச் சுரங்கம்தான்" என்றார். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், காது அடைத்தது. 57 கிலோமீட்டர்! அவர் கையை இறக்கவே இல்லை. கண்ணாடியில் தெரிந்தது அவர் முகம் மட்டும்தான். என் பக்கம் திரும்பாமல் இருக்க அந்த முகம் பட்ட பாட்டை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெளிச்சம் வந்தபோது ஊர்ப் பலகையெல்லாம் இத்தாலிய மொழிக்கு மாறியிருந்தது. "காபி குடிக்கலாமா?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

மேல்பெர்த்:
சர்ச் தெரியாது என்பது தவறு. 2023 செப்டம்பரில் நாங்களும் சூரிக்கில்தான் ஏறினோம். மூன்று முறையும் பார்த்தோம். ஒரு மணி நேரம் கூடுதலாகும் என்று அறிவித்ததிலிருந்து என் மனைவி என்னோடு பேசவில்லை. மிலானில் அடுத்த ரயிலுக்கு இடைவெளியே இல்லாமல் டிக்கெட் வாங்கியவன் நான். மூன்றாவது முறை சர்ச் வந்தபோதுதான் வாயைத் திறந்தாள்: "இந்த ஊர்க்காரர்களுக்கு வேறு மாதிரி சர்ச் கட்டவே தெரியாதா?" எல்லாம் ஒரே சர்ச்தான் என்றேன். நம்பவில்லை. இன்றுவரை நம்பவில்லை.

கால அட்டவணை:
இருவர் சொல்வதும் சரி. மேல்பெர்த் காரணத்தை மட்டும் விட்டுவிட்டார். 2023 ஆகஸ்ட் 10 அன்று, மிலான் ரயில் வழக்கமாகப் போகும் அந்த 57 கிலோமீட்டர் கோட்ஹார்ட் அடித்தளச் சுரங்கத்தில் சக்கரம் உடைந்து ஒரு சரக்கு ரயில் தடம்புரண்டது. கிலோமீட்டர் கணக்கில் தண்டவாளம் நாசம். பழையபடி முழுதாகத் திறக்க 2024 செப்டம்பர் 2 ஆகிவிட்டது. அதனால்தான் உங்களை 1882இல் திறந்த பழைய மலைப்பாதையில் திருப்பிவிட்டார்கள். சர்ச் பார்ப்பதுதான் நோக்கமென்றால் மிலானுக்கு நேரே போகும் யூரோசிட்டி விரைவு ரயிலில் ஏறாதீர்கள். லோகார்னோ போகும் 'த்ரேனோ கோத்தார்தோ' ரயில் பழைய பாதையிலேயே போகிறது. பெலின்சோனாவில் இறங்கி மிலான் ரயிலைப் பிடியுங்கள். அதுவரைக்குமே சுமார் ஒரு மணி நேரம் கூடும். எல்லை தாண்டும் யூரோசிட்டிக்கு இருக்கை முன்பதிவு கட்டாயம். இணைப்புக்குத் தாராளமாக இடைவெளி விட்டு வாங்குங்கள். எர்ஸ்ட்ஃபெல்ட் தாண்டியதும் எழுந்து நின்றுகொள்ளுங்கள். வண்டி திரும்பத் திரும்ப வளைவதால் ஒரே பக்கம் உட்கார்ந்திருந்தால் ஒரு தரிசனம் தவறிவிடும். தண்ணீர் கையில் இருக்கட்டும். என் அனுபவமா? நானும் மனைவியும் அப்படித்தான் போனோம். பனிமூட்டம். ஒன்றும் தெரியவில்லை.

சிற்றுண்டி:
கால அட்டவணை ஐயா, அந்த அம்மா உங்களிடம் வழியா கேட்டார்?

எங்களுக்கு நேர்ந்தது திரும்பும் வழியில், எல்லை ஊரான கியாஸ்ஸோவில். சீருடையில் இருவர் ஏறினார்கள். பெட்டி நிறைய ஆட்கள். நேரே எங்களிடம் வந்தார்கள். ஒருவர் பாஸ்போர்ட்டை வாங்கி, படத்தையும் என் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். படத்தில் நெற்றியில் பொட்டு இருக்கிறது, அன்று வைத்திருக்கவில்லை. அவள் ஒன்றும் பேசாமல் கைப்பையைத் திறந்து, அட்டையிலிருந்து ஒரு பொட்டை உரித்து ஒட்டிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். அவர் பாஸ்போர்ட்டைத் திருப்பித் தந்துவிட்டு நகர்ந்தார். நான் அதுவரை இரண்டு டிக்கெட்டையும் கையில் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தேன். அவள் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் தேவலை.

ஜன்னலோரம்:
மேல்பெர்த், என் வீட்டுக்காரர் வாஸன் கதையைப் படித்ததே உங்கள் பழைய பதிவு ஒன்றில்தான். இதையெல்லாம் இன்னும் அவரிடம் காட்டவில்லை.