பயோ இன்ஜினியரிங் வாத்தியார்களுக்கு மென்ட்டர் ட்ரெய்னிங், எங்கிருந்து ஆரம்பிக்கறது?

வாளையார்_காத்து:
வணக்கங்க. வாளையார் தாண்டி பாலக்காடு பக்கம் ஒரு காலேஜ்ல பயோ இன்ஜினியரிங் டிபார்ட்மென்ட்ல இருக்கேன். எங்க வாத்தியார் பன்னெண்டு பேருக்கு ரெண்டு நாள் மென்ட்டர், அதாவது பசங்களுக்கு வழிகாட்டி, ட்ரெய்னிங் நடத்துன்னு என் தலையில கட்டிட்டாங்க. இப்ப மென்ட்டரிங்னா ஆளுக்கு இருபது பசங்க, ஒரு நோட்டு, மாசம் ஒரு கையெழுத்து, காலேஜுக்குத் தரம் போடற நாக் (NAAC) டீம் வந்தா எடுத்துக் காட்ட, அவ்வளவுதான். பசங்களோ ஒரே மாதிரி இல்ல, கொழிஞ்சாம்பாறை தமிழ் மீடியம், ஆலத்தூர் மலையாளம் மீடியம், கோயமுத்தூர் சிபிஎஸ்இ, அட்டப்பாடி ஊருல இருந்து வீட்டுல முதல் ஆளா காலேஜுக்கு வந்த இருளர் பொண்ணு ஒண்ணு. ப்ரொஃபசர் யாரையாச்சும் கூப்பிட்டு பேச வெச்சா போதுமா?

டைட்டானியம்_மண்டை:
பேச வெச்சீங்கன்னா மத்தியான சாப்பாட்டோட பாதிப் பேர் எஸ்கேப். நான் பிஎச்டி முடிச்சு அமெரிக்காவுல போஸ்ட்டாக் ஆராய்ச்சில இருந்தப்போ ஒண்ணுல உக்காந்திருக்கேன், விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்து ஆளுங்க 2005ல கொண்டு வந்த ‘என்ட்டரிங் மென்ட்டரிங்’ பாடத்திட்டம். லெக்சர் கெடையாது, சின்ன குழுவா உக்காந்து ஒரு லேப்ல நடந்த சிக்கலைப் படிச்சுட்டு நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்கன்னு பேசணும், அப்பதான் நம்ம வண்டவாளம் வெளிய வரும். இன்னொண்ணு, மென்ட்டரும் ஸ்டூடண்ட்டும் யார் யார்ட்ட என்ன எதிர்பார்க்கறாங்கன்னு ஆரம்பத்துலயே ஒரு பக்கம் எழுதி வெச்சுக்கறது. உங்க சிக்கலை நீங்களே எழுதுங்க, அமெரிக்கக் கதை இங்க ஒட்டாது.

சித்தூர்_புழை:
கதை நான் தரேன் மேடம். நான் கொழிஞ்சாம்பாறை தமிழ் மீடியம்தான். ரெண்டாம் வருசம் புரோட்டீன் எஸ்டிமேஷன், எனக்கு மட்டும் ரீடிங் தாறுமாறா வரும். கவனமில்லைன்னு சார் ரெக்கார்டுல சிவப்பு மையில எழுதிட்டார். விசயம் என்னன்னா சொட்டு சொட்டா அளந்து எடுக்கற மைக்ரோபிப்பெட்ல, கட்டைவிரலால அமுத்தறப்போ தட்டி நிக்கற ரெண்டு ஸ்டாப் இருக்குல்ல, உறிஞ்சறப்போ முதல் ஸ்டாப் வரைக்கும்தான் அமுத்தணும், ரெண்டாவது கடைசி சொட்டை வெளிய தள்ளறதுக்கு. நான் உறிஞ்சறப்பவே அடி வரைக்கும் அமுத்திட்டு இருந்தேன், அளவு கூடுதலா ஏறிடுச்சு. அவர் இங்கிலீஷ்ல கடகடன்னு சொன்னது புரியல, மறுபடி கேட்க வெக்கம். கடைசில லேப் அட்டெண்டர் சேச்சிதான் என் கட்டைவிரலைப் புடிச்சு அமுத்திக் காட்டுனாங்க. புரிஞ்சுதான்னு கேட்டா எல்லாரும் தலையாட்டுவோம் மேடம், செஞ்சு காட்டச் சொல்லுங்க.

கஞ்சிக்கோடு_ஷிஃப்ட்:
எல்லாம் சரி, வாரம் பூரா கிளாஸ், பேப்பர் திருத்தற வேலை, மென்ட்டருக்கு நேரம் எங்கிருந்து வரும்? டைம்டேபிள்ல ஒரு மணி நேரம் போட்டுக் கொடுக்காம ட்ரெய்னிங் மட்டும் கொடுத்தா இன்னொரு நோட்டுதான் கூடும். அப்புறம் முக்கியமா, ஈ-கிராண்ட்ஸ் (எஸ்சி, எஸ்டி, பிற்பட்ட பசங்களுக்குக் கேரள அரசு தர்ற உதவித்தொகை) வாங்கறவங்க எந்திரிச்சு நில்லுன்னு கிளாஸ்ல கூப்பிடற பழக்கத்தை முதல்ல நிறுத்தச் சொல்லுங்க. என் தங்கச்சி அப்படி எந்திரிச்ச நாளுக்கப்புறம் கடைசி பெஞ்சுதான்.

டைட்டானியம்_மண்டை:
கரெக்டுங்க. எல்லாரையும் ஒரே மாதிரி நினைச்சா என்ன ஆகும்னு காட்ட, இந்தத் துறைக்குன்னே ஒரு உதாரணமும் வெச்சுக்கலாம். விரல்ல மாட்டற பல்ஸ் ஆக்ஸிமீட்டர் கருத்த தோல்ல ஆக்சிஜனைக் கூட்டிக் காட்டுது. 2020ல வந்த அமெரிக்க ஆய்வுல, மெஷின் ஆக்சிஜன் 92-96 சதவீதம்னு காட்டின கருப்பின நோயாளிகள்ல 11.7 சதவீதம் பேருக்கு ரத்தத்துல நிஜமா 88க்கும் கீழ, வெள்ளையர்ல அது 3.6தான். தோத்த கதையும் சொல்லச் சொல்லுங்க, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துல செஞ்ச இதய வால்வுல மூணு மாடல் ஊத்திக்கிட்டு நாலாவதுதான் 1990ல மனுசனுக்குப் பொருத்தற அளவுக்கு வந்துச்சு. நம்ம பசங்க ஒரு ரீடிங் தப்பானா படிப்பே வராதுன்னு நினைச்சுக்கறாங்க.

வாளையார்_காத்து:
எல்லாருக்கும் நன்றிங்க. புழை தம்பி, உன் பிப்பெட் கதையைப் பேர் இல்லாம முதல் நாள் காலையிலயே வெக்கறேன், சிவப்பு மையோட சேர்த்து. டைம்டேபிள் மணி நேரத்துக்கு ஹெச்ஓடி கிட்ட நாளைக்குப் போறேன், என்ன சொல்வாருன்னு தெரியும், இருந்தாலும் போறேன். அந்த அட்டப்பாடிப் பொண்ணு வெள்ளிக்கிழமை லேப்ல பாதில கிளம்புதுன்னு நானே ரெண்டு தடவை திட்டிருக்கேன். மண்ணார்க்காட்டுல இருந்து அட்டப்பாடி மலைப்பாதை ஏற கடைசி பஸ் எப்பன்னு இன்னிக்குத்தான் கேட்டேன்.