‘பொருள் மாற்று ஒப்பந்தம்’ சரியா? (திங்களுக்குள் வேண்டும்)

மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். ஆய்வில் பங்கேற்பவர்களிடம் கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவத்தின் தமிழாக்கம் திங்களன்று நெறிமுறைக் குழுவுக்குப் போகிறது. 5 மி.லி. இரத்தம் எடுத்து –80 டிகிரி செல்சியஸில் வைத்து, பிறகு வெளி ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அதற்கு முன் இரு நிறுவனங்களும் எழுதிக்கொள்ளும் ‘மெட்டீரியல் டிரான்ஸ்ஃபர் அக்ரிமென்ட்’டை ‘பொருள் மாற்று ஒப்பந்தம்’ என்று போட்டிருக்கிறேன்.

நெறிமுறைக் குழு உறுப்பினர்:
மாற்று என்றால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று. ‘கைமாற்று’ என்றால் வட்டியில்லாக் கடன். தமிழை மீண்டும் ஆங்கிலமாக்கிச் சரிபார்க்கும் மறுமொழிபெயர்ப்பில் கடனாகவே திரும்பி வரும், குழு கேள்வி எழுப்பும். ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 நெறிமுறைப்படி இரத்த மாதிரி அதைக் கொடுத்தவருக்கே உரியது, நிறுவனம் காப்பாளர் மட்டுமே. எதற்குப் பயன்படுத்தலாம், மூன்றாம் ஆளுக்குத் தரலாமா, மிச்சத்தைத் திருப்புவதா அழிப்பதா என்றெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதுவது அதனால்தான். உரிமையே மாறுவதாகச் சொல் தொனிக்கக் கூடாது.

தமிழாசிரியர்:
அப்படியானால் ‘அடைக்கல ஒப்பந்தம்’ என்போம். சிலம்பில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்புவிக்கும் காதைக்கு அடைக்கலக் காதை என்றே பெயர். மாதரி காப்பவள், உடையவள் அல்லள். அடைத்துக் காக்கும் கலம் என்று பிரித்தால் உறைபெட்டிக்கும் பொருந்துகிறது.

மொழிபெயர்ப்பாளர்:
அடைக்கும் கலம் என்றால் வினைத்தொகை ஆகிவிடும், ஐயா. ஊறுகாய், சுடுசோறு போல ‘அடைகலம்’ என்றல்லவா வரும்? ஒற்று மிகாதே.

தமிழாசிரியர்:
‘அடை’யைப் பெயராகக் கொண்டால் மிகும். விரிவாக எழுதுகிறேன்.

ஆய்வுச் செவிலியர்:
ஐயா, வார்டில் அடைக்கலம் என்றால் அகதிகள்தான் நினைவுக்கு வருவார்கள். ‘மாதிரி’ என்றாலே ‘எந்த மாதிரி?’ என்பார்கள், ‘சாம்பிள்’ எல்லோருக்கும் தெரியும். தலைப்பைவிட, சம்மதத்தை டிக் செய்யும் கட்டங்கள் முக்கியம்: இந்த ஆய்வுக்கு மட்டும், தொடர்புடைய நோய்களுக்கும், எந்த ஆய்வுக்கும், வெளிநாட்டுக்கும் என்று தனித்தனியாக. ஒரே கையெழுத்தில் எல்லாவற்றையும் அடக்கக் கூடாது. அமெரிக்காவின் அரிசோனாவில் ஹவசுபாய் பழங்குடி மக்கள் 1990-களில் நீரிழிவு ஆய்வு என்று நம்பிக் கொடுத்த இரத்தம் ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்), மூதாதையர் இடப்பெயர்வு ஆய்வுகளுக்கும் போனது. 2010-ல் 7 லட்சம் டாலர் இழப்பீட்டோடு சமரசமாகி, எஞ்சிய மாதிரிகள் திரும்பின. கொடுத்தவர் சாம்பிளைத் திரும்பப் பெறுவது பற்றியும் எழுதுங்கள்: குறியீட்டு எண் இருக்கும்வரைதான் முடியும், அடையாளத்தை அடியோடு நீக்கியபின் எந்தக் குப்பி யாருடையது என்று தெரியாது.

மொழிபெயர்ப்பாளர்:
கட்டங்களைப் பிரித்துவிட்டேன். படிவத்தின் உள்ளே ‘சாம்பிள்’, ஒப்பந்தத்தின் தலைப்பில் ‘மாதிரி ஒப்படைப்பு ஒப்பந்தம்’. பெரும்பாலோர் சரி என்கிறார்கள், இதையே அனுப்புகிறேன்.

நெறிமுறைக் குழு உறுப்பினர்:
என் மறுப்பைப் பதிந்துவைக்கிறேன். ‘உடல் உறவினரிடம் ஒப்படைக்கப்பட்டது’ என்று செய்தித்தாளில் படிக்கிறோம். அங்கே யாரும் திரும்பக் கேட்பதில்லை. இங்கே கேட்க உரிமை உண்டு. ‘பொறுப்பில் விடல்’ என்பதே என் வாக்கு.