அப்பாவின் கேசட் இழுத்து இழுத்துப் பேசுகிறது, என்ன செய்யலாம்?

கடலோரத்தான்:
1988-ல் அப்பா சவூதி போனார். கடிதம் எழுதச் சோம்பல். மாதம் ஒரு கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார். அதில் பதினொன்று தகரப் பெட்டியில் கிடைத்தன. அவர் வாங்கிவந்த வாக்மேனும் இருக்கிறது (கம்பெனி வேறு, எங்கள் வீட்டில் எல்லாமே வாக்மேன்தான்). புது பேட்டரி போட்டால் ஓடுகிறது, ஆனால் குரல் தூக்கக் கலக்கத்தில் பேசுவதுபோல் இழுக்கிறது. அம்மா கேட்டுவிட்டு, "இது அவர் இல்லை" என்று எழுந்து போய்விட்டார். ஹெட்போன் பஞ்சு வேறு பொடிப்பொடியாகக் காதில் ஒட்டுகிறது.

டேப்மணி:
தம்பி, அப்பா கேசட்டை முதலில் வெளியே எடுங்கள். சிக்கினால் போச்சு. கடையில் வாங்கிய பாட்டு கேசட் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அதுவும் இழுத்தால் குறை வாக்மேனில். அது சரியாகப் பாடினால், அப்பாவின் ரெக்கார்டர் அன்றைக்கே வேகமாக ஓடியிருக்கிறது. அதைக் கம்ப்யூட்டரில்தான் சரிசெய்யவேண்டும்.
டேப் நொடிக்கு 4.76 செ.மீ. ஓட வேண்டும். 6 சதவீதம் குறைந்தாலே சுருதி ஒரு சுவரஸ்தானம் (அரைச் சுரம்) இறங்கிவிடும். பெரும்பாலும் மோட்டாரிலிருந்து சக்கரங்களைச் சுற்றவைக்கும் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும். பழைய பெல்ட்டை அளந்து அதே அளவில் புதியது வாங்காதீர்கள், அதுதான் நீண்டுபோய்க் கிடக்கிறதே! சக்கரங்களைச் சுற்றி நூல் விட்டு அளந்து, அதைவிடக் கொஞ்சம் சின்னதாக வாங்குங்கள். டேப்பை இழுக்கும் ரப்பர் உருளையையும், அதைப் படிக்கும் ஹெட்டையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். அப்புறமும் இழுத்தால் போர்டிலோ மோட்டாரிலோ வேகத்துக்கென்று ஒரு குட்டித் திருகு இருக்கும்.

ஒலிப்பித்தன்:
கேசட்டில் 120 என்று போட்டிருந்தால் கவனம். 60 நிமிடக் கேசட்டின் டேப்பில் பாதித் தடிமன்தான், சுலபமாகச் சுருண்டுகொள்ளும். ஓட ஆரம்பித்ததும் முதல் தடவையிலேயே லேப்டாப்பில் பதிந்துவிடுங்கள். லைன்-இன் (வெளியிலிருந்து ஒலியை உள்ளே வாங்கும் துளை) உள்ள சின்ன யூ.எஸ்.பி. சவுண்ட் கார்டு போதும்.

கடலோரத்தான்:
பாட்டு கேசட்டும் இழுத்தது. பெல்ட் மாற்றினேன், முக்கால்வாசி சரி. மிச்சத்துக்கு அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துத் திருகினேன். "இன்னும் கொஞ்சம்... ஐயோ, இது கீச்சுன்னு இருக்கு... ஆங், நிறுத்து." இப்போது நாலாவது கேசட் பதிவாகிக்கொண்டிருக்கிறது. 1989-ல் வாங்காத மிக்ஸிக்கு அப்பா காரணம் சொல்கிறார், அம்மா இன்று பதில் சொல்கிறார்.
ஹெட்போன் பஞ்சுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லையே?