வெளியே இருக்கிற ஆமைப் பெட்டியை எப்படிச் சூடாக்குவது?

தோட்டக்காரன்:
வணக்கம். என்னிடம் ஒரு சுல்காட்டா ஆமை இருக்கிறது, ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பெரிய தரை ஆமை. ஓடு ஒன்றரை அடியைத் தாண்டிவிட்டது, இனி வீட்டுக்குள் வைத்துச் சமாளிக்க முடியாது. தோட்டத்தில் 4 அடிக்கு 4 அடி, 2 அடி உயரத்தில் ப்ளைவுட் பெட்டி ஒன்று செய்திருக்கிறேன். குளிர்காலத்தில் இரவு 5 டிகிரி வரை இறங்கும். மேலே ஒரு செராமிக் ஹீட்டர் பல்பைத் தொங்கவிட்டு, கீழே வைக்கோலைத் தாராளமாகப் போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். ஆனால் ராத்திரி தீப்பிடித்துவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. ஹீட் மேட், ஆயில் ஹீட்டர் (உள்ளே எண்ணெய் நிரப்பிய மின்சார ஹீட்டர்) என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை நம்புவது?

ஓட்டுவீடு:
உங்கள் பயம் நியாயமானது. அந்தப் பல்பு வெளிச்சம் தராது என்பதால் சாதுவாகத் தெரியும், ஆனால் அதன் மேற்பரப்பு 200 டிகிரிக்கு மேல் போகும். கொக்கி நழுவி வைக்கோலில் விழுந்தால் அவ்வளவுதான். பிளாஸ்டிக் ஹோல்டரில் மாட்டினால் ஹோல்டரே உருகும்.

தீ ஒரு பக்கம் இருக்கட்டும். பெரிய ஆமைக்கு அந்தப் பல்பு வேறு விதத்திலும் ஆகாது. ராத்திரி முழுக்க ஒரே இடத்தில் அசையாமல் கிடக்கிற பிராணி அது, முதுகின் உச்சி பல்புக்குப் பக்கத்தில் இருக்கும், அந்த ஒரு வட்டம் மட்டும் வெந்துபோகும், கால்களும் வயிறும் குளிரிலேயே இருக்கும். தரையில் விரிக்கிற மெல்லிய ஹீட் பேடும் வேண்டாம். கீழிருந்து வரும் சூடு அளவு மீறினாலும் ஆமை எழுந்து நகராமல் அப்படியே கிடக்கலாம், அடி ஓடு புண்ணாகிவிடும்.

4க்கு 4 பெட்டிக்கு என் வோட்டு, கூரையின் உள்பக்கம் திருகிப் பொருத்துகிற தட்டையான ரேடியன்ட் ஹீட் பேனலுக்கு. சூடு அகலமாகப் பரவும், பல்பு மாதிரி ஒரே புள்ளியில் கொதிக்காது. தரைக்கும் ஏதாவது வேண்டுமென்றால் பன்றிக்குட்டிகளுக்கென்றே செய்கிற கெட்டியான மேட் இருக்கிறது, அதையும் தெர்மோஸ்டாட்டில்தான், அதாவது சூட்டை அளந்து தானாக அணைத்துப் போடுகிற கருவியில்தான், ஓட்ட வேண்டும்.

குளிர்வாடை:
பேனல் சரிதான், ஆனால் 5 டிகிரி குளிரில் அதால் ஈடுகொடுக்க முடியுமா என்பது பெட்டியைப் பொறுத்தது. சுவர், கூரை, தரை எல்லாவற்றுக்கும் தெர்மாகோல் பலகையோ ஃபோம் ஷீட்டோ வைத்து, உள்ளே இன்னொரு ப்ளைவுட் அடியுங்கள். ஃபோமைத் திறந்தபடி விடவே கூடாது, கடித்துத் தின்றுவிடும். வாசலில் கனமான பிளாஸ்டிக் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி தொங்கவிட்டு, ராத்திரி மரக்கதவையும் மூடுங்கள். காற்றோட்டத்துக்குச் சின்ன ஓட்டை போதும். இதையெல்லாம் செய்யாமல் ஹீட்டரை மட்டும் பெரிதாக்கிக்கொண்டே போனால் தோட்டத்தைத்தான் சூடாக்கிக்கொண்டிருப்பீர்கள்.

இன்னும் பெரிய கொட்டகை என்றால் சின்ன ஆயில் ஹீட்டர், 700 வாட்ஸ் ரகம். வாங்கும்போது திருகுகிற குமிழ் வைத்ததாகப் பாருங்கள். பட்டன், டிஜிட்டல் எல்லாம் உள்ளதை தெர்மோஸ்டாட்டில் மாட்டினால் ஒருமுறை அணைந்த பிறகு கரன்ட் திரும்ப வந்தாலும் தானாக எரியாமல் நின்றுவிடும், காலையில் போய்ப் பார்த்தால் பெட்டி ஜில்லென்று கிடக்கும். ஹீட்டருக்கு முன்னால் ஆமை தள்ள முடியாத உறுதியான தடுப்பு அவசியம். சுல்காட்டா தள்ள ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். தெர்மோஸ்டாட் எத்தனை வாட்ஸ் தாங்கும் என்பதையும் படித்துவிட்டு வாங்குங்கள்.

ஓட்டுவீடு:
ஆயில் ஹீட்டர் நிறையப் பேர் ஓட்டுகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஆள் இல்லாத இடத்தில், மூடிய சின்னப் பெட்டிக்குள், வெளியே ஓட்டுவதற்கென்று அதைச் செய்யவில்லை, அதன் கையேட்டைப் பார்த்தாலே தெரியும். 4க்கு 4இல் அது வேண்டவே வேண்டாம் என்பேன்.

மின்கம்பி:
எல்லோரும் ஹீட்டரையே பேசுகிறீர்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் லூஸாக நிற்கிற பிளக் சூடாகி உருகுவதும் தீதான். வெளியில் போடுவதற்கான கேபிளைக் குழாய்க்குள் இழுத்து, 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரன்டை வெட்டிவிடும் சுவிட்ச்) வழியாகத் தாருங்கள். இணைப்புகள் மழை படாத பெட்டியில், அதுவும் ஆமைப் பெட்டிக்கு வெளியே. உள்ளே வருகிற வயர் ஆமைக்கு எட்டக் கூடாது, எலி கடிக்கவும் கூடாது. வைக்கோலைக் குறைத்துவிட்டு ஈரம் தாங்கும் மரப்பட்டைத் தூளோ மண்ணோ போடலாம்.

தோட்டக்காரன்:
சரி, பேனல்தான். எத்தனை டிகிரியில் வைப்பது? கரன்ட் போனால் என்ன செய்வது?

குளிர்வாடை:
சுல்காட்டா குளிர் உறக்கம் போகாத, அதாவது குளிர்காலத்தைத் தூங்கிக் கழிக்காத இனம், ராத்திரி 26, 27 டிகிரியில் வையுங்கள். குளிரும் ஈரமும் சேர்ந்தால்தான் மூக்கில் சளிக்குமிழி, வாயைத் திறந்து மூச்சு வாங்குவது எல்லாம் ஆரம்பிக்கும், அப்படிப் பார்த்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் போங்கள். இதைப் படிக்கிற ஹெர்மன், ரஷ்ய ஆமைக்காரர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், அவை உறங்குகிற இனங்கள். அவற்றை 10க்கும் 15க்கும் நடுவில் அரைகுறையாக வைத்திருந்தால் தூங்கவும் தூங்காது, சாப்பிடவும் செய்யாது, உடம்பில் இருப்பது கரையும்.

கரன்ட் போனால் நல்ல பெட்டி சில மணி நேரம் தாங்கும். உள்ளே ஒரு ஓரத்தில் தண்ணீர் நிரப்பிய கேன்களைத் தடுப்புக்குப் பின்னால் வைத்திருந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். அதற்கு மேல் போனால் ஆள் சேர்த்துத் தூக்கி வீட்டுக் குளியலறையில் விடுங்கள். கெரசின் அடுப்பு, கரி, கேஸ் எதையும் பெட்டிக்குள் கொண்டுபோகாதீர்கள், கார்பன் மோனாக்சைடு கொன்றுவிடும்.

தோட்டக்காரன்:
நன்றி. தெர்மோஸ்டாட் சென்சாரைப் பேனலுக்குப் பக்கத்தில் கூரையிலேயே ஒட்டிவிடலாமா?

மின்கம்பி:
கூடாது. கூரையில் சீக்கிரம் சூடாகி அணைத்துவிடும், கீழே குளிரும். பக்கச் சுவரில், ஆமையின் முதுகு உயரத்தில், பேனலுக்கு நேர் கீழே வராத இடத்தில் வைத்து, மேலே கம்பி வலை அடித்து மூடுங்கள். ஆமை இழுத்து சென்சார் வாசல் பக்கம் போய்விட்டால் தெர்மோஸ்டாட் வெளிக்குளிரை அளந்துகொண்டு பேனலை நிறுத்தவே நிறுத்தாது. அதனால் இரண்டாவது தெர்மோஸ்டாட் ஒன்றை வரிசையில் சேர்த்து 32 டிகிரியில் வையுங்கள், முதலாவது கெட்டாலும் அது வெட்டிவிடும். போனுக்கு எச்சரிக்கை அனுப்புகிற தெர்மாமீட்டர் தனியாக இருக்கட்டும். ஆமையை உள்ளே விடுவதற்கு முன் சில ராத்திரி காலிப் பெட்டியில் ஓட்டிப் பாருங்கள்.