வாலிபர் கூட்டத்துக்கு உதவி தேவை: அன்றாடக் கீழ்ப்படிதல்

அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம்.

எங்கள் வாலிபர் வேதபாடக் குழுவில் அடுத்த பாடம் கீழ்ப்படிதல். இந்தத் தலைப்பு என்றாலே ஆபிரகாம் தன் மகனைப் பலியிட மோரியா மலைக்கு ஏறியதைத்தான் எடுக்கிறோம். நல்ல பகுதிதான், ஆனால் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு அது எட்டாத உயரமாகப் படுகிறது.

அதனால் 2 இராஜாக்கள் 5-ஐ எடுக்கலாம் என்றிருக்கிறேன். குஷ்டரோகம் நீங்க எலிசா தீர்க்கதரிசி பெரிய காரியம் எதையாவது சொல்லியிருந்தால் சீரியப் படைத்தலைவன் நாகமான் செய்திருப்பான். யோர்தானில் ஏழுதரம் முழுகு என்றதும் கோபம் வந்துவிட்டது! அவனுக்குப் புத்தி சொன்னது ஊழியக்காரர்கள் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த இடம். கூடவே மத்தேயு 21-இல் வரும் இரண்டு குமாரர் (மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனவன், போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகாதவன்), கொலோசெயர் 3:22-இல் பவுல் கண்டிக்கும் "பார்வைக்கு ஊழியம்", அதாவது எஜமான் பார்க்கும்போது மட்டும் வேலை செய்வது.

நான் தடுமாறுவது இரண்டு இடத்தில். மேலதிகாரி உள்ளே இருந்துகொண்டே "நான் இல்லை என்று சொல்லிவிடு" என்கிறார். ஒரு தங்கை இதைக் கேட்டாள். அதிகாரிக்குக் கீழ்ப்படி என்பதும் வசனம், பொய்யைக் களை என்பதும் வசனம். வேலையையும் மரியாதையையும் இழக்காமல் இதைச் சமாளித்தவர்கள் என்ன சொன்னீர்கள்? அந்த வார்த்தைகளே வேண்டும்.

இன்னொன்று, எபேசியர் 2:8-10-இல் கிருபை முதலில், கிரியை பிறகு. செய்ய வேண்டியவற்றைப் பட்டியல் போட்டுக் கொடுத்தால் பிள்ளைகள் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்வார்களோ என்று பயம். இதை எப்படிக் கற்பித்தீர்கள்?

பிரசங்கக் குறிப்புகள் வேண்டாம், அவை நிறைய இருக்கின்றன. வீட்டிலோ வேலையிலோ நீங்கள் செய்து பார்த்ததை எழுதுங்கள். பொதுவில் எழுதத் தயங்கினால் உள்பெட்டியில் அனுப்பலாம்.