பத்து நிமிடத்தில் சூடேறி நிற்கும் பழைய 070 செயின்சோ: எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

கேள்வி: தம்பலகாமத்து வயற்காரன்

அனைவருக்கும் வணக்கம். கந்தளாய்க் குளத்து நீரை நம்பிப் பயிர் செய்யும் எங்கள் குடும்பத்துக்கு அப்பா விட்டுச் சென்ற இரண்டு பழைய இயந்திரங்கள் உள்ளன. ஒன்று ஸ்டில் 070 செயின்சோ. மற்றையது மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் எஞ்சின் பூட்டிய மெசி பேர்குசன் 35 உழவு இயந்திரம். இரண்டும் ஏறத்தாழ ஒரே நோயைக் காட்டுவதால் ஒன்றாகவே கேட்கிறேன்.

செயின்சோ குளிர்ந்திருக்கும்போது சோக் போட்டு இழுத்தால் மூன்றாவது இழுப்பில் இயங்கத் தொடங்கிவிடும். பத்து நிமிடம் குறை சொல்ல முடியாதபடி அரியும். அதன் பிறகு, விசையை விட்டாலும் வேகம் இறங்காமல் தானாகவே ஏறி, கீச்சென்று கத்தி, நின்றுவிடும். அரை மணி நேரம் நிழலில் வைத்தால் மீண்டும் இயங்கும். நகரில் ஒரு திருத்துநர் பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேற்றரை முழுதாக மாற்றினார், பொறி கொடுக்கும் பிளக்கையும் மாற்றினார். இரண்டாம் முறை கொண்டு போனபோது, எஞ்சின் முடிந்துவிட்டது, பழைய இரும்புக்குப் போடுங்கள் என்றார். இரும்புக்குப் போகவேண்டியதற்கு எதற்காகப் புதுக் காபரேற்றர் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

உழவு இயந்திரமோ சேற்றில் அரை மணி நேரம் உழுததும் மெல்ல மெல்ல இழுவை குறைந்து நின்றுவிடுகிறது. அதே திருத்துநர் டீசல் பம்பைக் கழற்றிக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும் என்கிறார். அந்தச் செலவுக்கு முன் நானே பார்க்கக்கூடியது ஏதும் உண்டா? கச்சான் காற்றில் சாய்ந்த பெரிய பாலை மரம் ஒன்று எங்கள் வாய்க்காலுக்குக் குறுக்கே கிடக்கிறது. பெரும்போகத்துக்குத் தண்ணீர் திறப்பதற்குள் அதை அகற்றியாக வேண்டும். இன்னொன்று: அப்பாவின் பெற்றோல் தகரத்தில் 1:25 என்று பெயின்றால் எழுதியிருக்கிறது. திருத்துநர் 1:50 போதும் என்கிறார். எது சரி?

பதில் 1: கிண்ணியா பழைய பட்டறை

தம்பி, நிற்பதற்கு முன் வேகம் தானாக ஏறுகிறது என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரியில் பாதி விடை இருக்கிறது. உங்கள் இயந்திரம் எங்கோ களவாகக் காற்றுக் குடிக்கிறது.

இரண்டு அடிப்பு எஞ்சினில் பிஸ்டன் மேலே ஏறும்போது அதன் அடியிலுள்ள கிராங் பெட்டிக்குள் வெற்றிடம் உண்டாகிறது. அந்த வெற்றிடந்தான் காபரேற்றர் வழியாகப் பெற்றோலையும் ஓயிலையும் கலந்த காற்றை உள்ளே இழுக்கிறது. பிஸ்டன் சுழற்றும் கிராங் தண்டின் இரு பக்கமும் காற்றுப் புகாமல் தடுக்கும் ஓயில் சீல் என்ற வளையங்கள் பல ஆண்டுச் சூட்டில் காய்ந்து இறுகிவிட்டால், அதே வெற்றிடம் அவற்றின் ஓரத்தால் வெறுங்காற்றையும் இழுத்துக்கொள்ளும். அந்தக் காற்றில் பெற்றோலும் இல்லை, ஓயிலும் இல்லை. கலவை மெலிகிறது, வேகம் ஏறுகிறது, பிஸ்டன் அளவுக்கு மீறிச் சூடாகிறது. குளிரில் இயங்கத் தொடங்கும்போது சோக் கொடுக்கும் மிகைப் பெற்றோல் இந்தக் குறையை மூடி மறைத்துவிடுவதால்தான் முதற் சில நிமிடங்கள் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றுகிறது. காபரேற்றரை எத்தனை முறை மாற்றினாலும் இது மாறாது. திருகாணியைத் திறந்து பெற்றோலைக் கூட்டி ஓட்டுவோரும் உண்டு. அது காய்ச்சலுக்குப் போர்வை போர்த்துவது போன்றது.

ஆனாலும் சீலில் கை வைக்குமுன் செலவில்லாத ஒன்றைப் பாருங்கள். இயந்திரம் நின்ற அந்தக் கணத்திலேயே பெற்றோல் தாங்கியின் மூடியைத் தளர்த்துங்கள். உஸ் என்று காற்று உள்ளே போனால் தாங்கியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது என்று பொருள். அப்போதும் கலவை மெலிந்து இதே போலத்தான் நிற்கும். எங்கள் பகுதியில் குளவி மண் வைத்து அடைத்த துளைகளை நான் எத்தனையோ முறை ஊசியால் தோண்டி எடுத்திருக்கிறேன். அடுத்து, தாங்கிக்குள் இருக்கும் இறப்பர்க் குழாயை வெளியே எடுத்து வளைத்துப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.

இவை இரண்டும் சரியாக இருந்தால் கசிவுச் சோதனை செய்ய வேண்டும். இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. வாப்பாவின் இரத்த அழுத்தம் பார்க்க வாங்கிய, கையால் அமுக்கும் பழைய கருவி ஒன்று என்னிடம் இருந்தது. அதன் பந்தையும் முள்மானியையும்தான் இன்றுவரை பயன்படுத்துகிறேன். சைலன்சரைக் கழற்றி, சைக்கிள் ரியூபில் வெட்டிய இறப்பர்த் துண்டை இடையில் வைத்து மீண்டும் இறுக்குங்கள். காபரேற்றர் பக்கத்தையும் அவ்வாறே அடையுங்கள். பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்தெடுத்து, அதில் குழாயைக் காற்றுப் போகாதபடி பொருத்தி, பிளக் இருந்த துளையில் முறுக்குங்கள். பிஸ்டனை அடிவரை இறக்கி வைத்தால்தான் காற்று சிலிண்டரிலிருந்து கிராங் பெட்டிக்குள் போகும். இதை மறந்து ஒரு நாள் முழுவதையும் வீணாக்கியவன் நான். பிறகு முள் 280 வரை ஏறும்படி அமுக்கிவிட்டுப் பாருங்கள். அந்தக் கருவியில் 300 என்பது ஏறத்தாழ 0.4 பார் அழுத்தம். முறையான சோதனைக்கு 0.5 பார் வேண்டும் என்றாலும் கசிவைக் கண்டுபிடிக்க இது தாராளம். முள் அசையாமல் நின்றால் நல்லது. இறங்கினால் சவர்க்கார நுரையைச் சங்கிலியை ஓட்டும் கிளட்ச் பக்கமும், தண்டின் மறுமுனையிலுள்ள பறக்கும் சில்லின் பின்புறமும் சிலிண்டர் அடியிலும் பூசுங்கள். குமிழி வரும் இடமே குற்றவாளி.

ஒரு நுணுக்கம் சொல்கிறேன். சீலின் உதடு உள்ளிருந்து வரும் அழுத்தத்தில் தண்டோடு இன்னும் இறுகிக்கொள்ளும். ஆகையால் அழுத்தச் சோதனையில் தப்பிய சீல்கூட வெற்றிடத்தில் கசியலாம். எனவே பந்தைக் கழற்றிவிட்டு, 60 மில்லிலீற்றர் ஊசிக்குழாய் ஒன்றை அதே குழாயில் மாட்டி, ஊசிக்குழாயின் தண்டை இழுத்துப் பிடித்து அரை நிமிடம் பொறுத்து விடுங்கள். அது தானாகவே உள்ளே திரும்ப வேண்டும். இழுத்த இடத்திலேயே சோம்பி நின்றால் எங்கோ வழியால் காற்றுப் புகுந்துவிட்டது.

ஓயில் பற்றி. 1:25 என்பது ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 40 மில்லிலீற்றர். 1:50 என்பது 20. அப்பா எழுதியது அந்தக் காலத்து ஓயிலுக்குப் பொருத்தமான கணக்கு, அதைக் கேலி செய்யத் தேவையில்லை. தரமான புதிய இரண்டு அடிப்பு ஓயில் கிடைத்தால் 070க்கு நான் லீற்றருக்கு 25 மில்லிலீற்றர் இடுகிறேன். கசிவு தீரும்வரை எந்த அளவிலும் ஓட்ட வேண்டாம். ஓயிலைக் கூட்டினால் அந்த அளவுக்குப் பெற்றோல் குறைகிறது, கலவை இன்னும் மெலியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பதில் 2: உப்புவெளி மின்வேலை

மேலே எழுதிய கிண்ணியா நானாவின் விளக்கத்தை மறுக்கவில்லை. ஆயினும் சூட்டில் நின்று ஆறியபின் ஓடும் பழைய எஞ்சின் என்றதும் நான் முதலில் சந்தேகப்படுவது பொறியை உண்டாக்கும் மின்பாகங்களான கண்டென்சரையும் கொயிலையுமே. பழைய 070களில் பறக்கும் சில்லின் அடியில், பொறிக்காக மின்னோட்டத்தைத் துண்டித்துத் தரும் பொயின்ற் இருக்கும். நின்ற உடனேயே, ஆறவிடாமல், பிளக்கைக் கழற்றி உலோகத்தில் தொடவைத்து இழுத்துப் பாருங்கள்; அதற்கு முன் பெற்றோல் தகரத்தைத் தூரத்தில் வையுங்கள். நீலப் பொறி வந்தால் என் சந்தேகம் தவறு. பொறியே இல்லாமலோ மஞ்சளாக நலிந்தோ இருந்தால் பொயின்ற் முகத்தைப் பாருங்கள். கருகிக் குழி விழுந்திருந்தால் கண்டென்சர் போய்விட்டது. பொயின்ற் இடைவெளி 0.4 மில்லிமீற்றரை ஒட்டி இருக்க வேண்டும். பொறி அறுந்தால் எஞ்சின் வெட்டியதுபோல் நிற்குமேயன்றி வேகம் ஏறாது என்பதால், உங்கள் விடயத்தில் நானாவின் பக்கமே கனம் அதிகம் என்று தோன்றுகிறது. எப்படியும் சீலுக்காகச் சில்லைக் கழற்றத்தான் போகிறீர்கள். பொயின்ற்றையும் அப்போதே துடைத்துவிடுங்கள்.

பதில் 3: ஈச்சிலம்பற்று

உழவு இயந்திரத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். தயவுசெய்து இப்போதைக்கு டீசல் பம்பைத் தொடவிடாதீர்கள். அதற்கு முன் செலவில்லாதவற்றைப் பார்த்து முடியுங்கள்.

எங்களிடமும் மெசி 35 ஒன்று இருக்கிறது. அது இதே போல் நின்றபோது டீசல் தாங்கியை இறக்கிக் கழுவினோம். துருச் செதிலோடு ஒரு கைப்பிடி பதரும் வைக்கோல் துணுக்கும் வந்தன. உழும்போது அவை ஓட்டத்தோடு வந்து டீசல் வெளியேறும் வாயிலை மூடிக்கொள்கின்றன; நின்றதும் மெல்லக் கீழே படிந்துவிடுகின்றன. அதனால்தான் சற்றுப் பொறுத்தால் மீண்டும் ஓடுகிறது. 2022 இல் டீசல் இல்லாத காலத்தில் கிடைத்ததையெல்லாம் பரல்களில் சேர்த்து வைத்து ஊற்றினோம் அல்லவா, அந்த அழுக்கு இன்னும் பல தாங்கிகளின் அடியில் கிடக்கிறது.

தாங்கி சுத்தமாக இருந்தால், நின்ற உடனே வடிகட்டித் தலையிலுள்ள காற்று நீக்கும் திருகாணியைத் தளர்த்தி, எஞ்சின் பக்கத்திலுள்ள சிறிய ஏற்றுப் பம்பின் கைநெம்பை அடியுங்கள். நுரையாக வந்தால் தாங்கிக்கும் ஏற்றுப் பம்புக்கும் இடையில் எங்கோ ஒரு மூட்டில் காற்று இழுக்கிறது. பெரும்பாலும் ஒரு செப்பு வளையம் தேய்ந்திருக்கும். நெம்பில் இழுவையே தெரியாவிட்டால் பயப்பட வேண்டாம், உள்ளே சுழன்று பம்பை இயக்கும் கேம் அதை ஏற்கெனவே தூக்கி வைத்திருக்கிறது. எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அடியுங்கள். குமிழியற்ற டீசல் வந்ததும் பம்பிலுள்ள திருகாணிகளையும், கடைசியாக, சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்ரர்களின் குழாய் நட்டுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து காற்றை விடுங்கள். இந்த ஒழுங்கை மாற்றிச் செய்தால் பற்றரி இறங்குமே தவிர எஞ்சின் இயங்காது.

பதில் 4: சேருவில் மரவேலை

இயந்திரம் சரியாகிவிடும், அதன் பிறகு நடப்பதைப் பற்றித்தான் எனக்குக் கவலை. 070 என்பது 106 சிசி எஞ்சின் உள்ள, செயின் பிரேக் இல்லாத வாள். இக்காலச் சிறிய வாள் துள்ளினால் முன்காப்பில் கை பட்டுச் சங்கிலி நின்றுவிடும். 070 துள்ளினால் அதை நிறுத்த எதுவும் இல்லை. சங்கிலி ஓடும் சட்டத்தின் நுனியின் மேற்பாதி மரத்தில் படவே கூடாது. அதிர்வைத் தாங்கும் இறப்பரும் அதன் கைப்பிடியில் இல்லாததால், ஒரு தாங்கி பெற்றோல் முடிந்ததும் ஓய்வெடுங்கள். விரல்கள் மரத்துப்போன கையோடு மீண்டும் தூக்காதீர்கள்.

வாய்க்காலுக்குக் குறுக்கே இரு கரையிலும் தாங்கி நிற்கும் மரத்தில், மேற்புறம் நெருக்கப்பட்டும் கீழ்ப்புறம் இழுபட்டும் இருக்கும். மேலிருந்தே முழுதாக அரிந்தால் பாதியில் வாள் கடிபட்டுவிடும். மேலே மூன்றிலொரு பங்கு அரிந்துவிட்டு, மீதியைக் கீழிருந்து மேல்நோக்கி முடியுங்கள். துண்டு விழும் பக்கத்தில் காலை வைக்க வேண்டாம். காய்ந்த பாலை இரும்பைப் போன்றது. ஒவ்வொரு தாங்கிக்கும் ஒருமுறை சங்கிலியை அராவுங்கள்; .404 அங்குல அளவுச் சங்கிலிக்கு 5.5 மில்லிமீற்றர் உருண்டை அரம் வேண்டும். அரிதூள் மாவாக வந்தால் பல் மழுங்கிவிட்டது, சீவலாக வரவேண்டும். சங்கிலிக்குக் கழிவு ஓயில் ஊற்றும் பழக்கம் இருந்தால் விடுங்கள், அதிலுள்ள உலோகப் பொடி ஓயில் பம்பைத் தின்றுவிடும். செயின்சோவின் பதிவுப் பத்திரம் கையில் இருக்கட்டும். அரிந்த மரத்தை ஏற்றிச் செல்வதாக இருந்தால் அனுமதியையும் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

கேட்டவரின் மறுமொழி: தம்பலகாமத்து வயற்காரன்

நானாவுக்கும் மற்ற எல்லோருக்கும் நன்றி. மூடியைத் தளர்த்திப் பார்த்தேன், சத்தம் எதுவும் இல்லை. நின்ற உடனே பொறியைப் பார்த்தேன், நீலமாகவே வந்தது. அதன் பின் அம்மாவின் இரத்த அழுத்தக் கருவியை, திருப்பித் தருவதாகச் சத்தியம் செய்து வாங்கினேன். முள் 280 இல் இருந்து, நான் எண்ணி ஐந்து சொல்வதற்குள் 150க்கு வந்துவிட்டது. பறக்கும் சில்லின் பின்னால் நுரை கொதிப்பதுபோல் குமிழ்ந்தது. சில்லைப் புள்ளரால் கழற்றிப் பார்த்தபோது சீலின் உதடு விரல் நகத்தால் தட்டினால் டக் என்று ஒலிக்குமளவுக்கு இறுகியிருந்தது. கிளட்ச் பக்கத்துச் சீலையும் சேர்த்தே மாற்றப் போகிறேன், ஆனால் கிளட்ச் அசையவே இல்லை. கழற்றும்போது தண்டும் சேர்ந்து சுற்றாதபடி பிஸ்டனை எதனால் தடுத்துப் பிடிப்பது?

மெசியில் தாங்கி மூடியின் துளையை முழுதாக மண் வைத்து அடைத்திருந்தது குளவி. செயின்சோவுக்குச் சொன்னதை உழவு இயந்திரத்தில் கண்டேன். தாங்கியையும் கழுவிவிட்டேன்; நேற்று இரண்டு மணி நேரம் நிற்காமல் உழுதது.

பதில் 5: கிண்ணியா பழைய பட்டறை

தம்பி, பிளக் துளையால் இரும்பு எதையும் விட்டுவிடாதீர்கள். பிஸ்டன் மேலேறி வெளியேற்றும் வாயிலை மூடியதும், மெல்லிய பருத்திக் கயிற்றை மடித்து மடித்து உள்ளே விடுங்கள். நுனியை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் அதில் முட்டி நிற்கும். பெரும்பாலான செயின்சோக்களில் கிளட்ச் இடப்புரி மரை, ஆகவே வழமையாக இறுக்கும் திசைக்கே திருப்பிக் கழற்ற வேண்டும். நீங்கள் எதிர்ப்பக்கமாக இறுக்கிக்கொண்டிருந்திருக்கலாம். பழைய சீல்களை எறியாமல் பெயாரிங் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். அளவு அவற்றின் முதுகிலேயே எழுதியிருக்கும். புதிய சீலின் உதட்டில் ஒரு சொட்டு ஓயில் தடவி, தண்டின் மரையில் பிளாஸ்ரிக் தாளைச் சுற்றிய பிறகு ஏற்றுங்கள். இல்லாவிட்டால் மரையின் கூர் உதட்டைக் கிழித்துவிடும். பூட்டியதும் அம்மாவின் கருவியைக் கொடுத்துவிடுமுன் இன்னொரு தடவை அமுக்கிப் பாருங்கள்.