டெக்சாஸ் கல்லூரியில் ஹிஸ்டரி வகுப்பு: மார்க் எங்கே போகிறது?

புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு. டெக்சாஸ் அரசுக் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸே எடுத்தாலும் இளநிலைப் பட்டத்துக்கு 6 கிரெடிட் (பொதுவாக இரண்டு பாடம்) அமெரிக்க வரலாறு படித்தாக வேண்டும், மாநிலச் சட்டம் அது. வருஷத்தையும் பெயரையும் மனப்பாடம் செய்து ஒப்பேற்றிவிடலாம் என்று நினைப்பவர்கள்தான் இதில் அடி வாங்குகிறார்கள்.

முதல் வாரமே சிலபஸ் கொடுத்துவிடுவார்கள், எதற்கு எத்தனை சதவீதம் என்று அதிலேயே இருக்கும். பார்ட்டிசிபேஷன், அதாவது வகுப்பில் பேசிக் கலந்துகொள்வது, 15 என்று போட்டிருந்தால் விளையாட்டில்லை. மற்ற எல்லாவற்றிலும் முழு மார்க் வாங்கினாலும், வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் 85க்கு மேல் போக முடியாது, அதாவது பி. தினமும் வந்து உட்காருவது வெறும் அட்டென்டன்ஸ்.

சரி, என்ன பேசுவது? 1865 ஜூன் 19 அன்று டெக்சாஸின் கால்வெஸ்டன் நகரில், உள்நாட்டுப் போரில் வென்ற வடக்குப் படையின் ஜெனரல் கிரேஞ்சர் வெளியிட்ட உத்தரவைப் படித்துவிட்டு வரச் சொல்கிறார்கள் என்று வையுங்கள். சில வரிகள்தான். அடிமைகள் எல்லோரும் விடுதலை என்று தொடங்கி, அதே மூச்சில், இப்போது இருக்கும் இடத்திலேயே அமைதியாக இருந்து கூலிக்கு வேலை பாருங்கள் என்று அவர்களுக்கு அறிவுரையும் சொல்கிறது. "விடுதலை என்றவர்கள் ஏன் அங்கேயே இருக்கச் சொல்கிறார்கள், பருத்தி அறுவடைக்கு ஆள் வேண்டும் என்பதாலா?" என்று கேட்டாலே போதும். இங்கிலீஷ் தடுமாறினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது, பிரதியின் எந்த வரி என்று காட்டிப் பேசுகிறீர்களா என்பதைத்தான் கவனிக்கிறார்கள்.

கட்டுரையும் அப்படித்தான். நடந்ததை வரிசையாக எழுதினால் சுமாரான மார்க்தான் வரும்; உங்கள் வாதம் முதல் பத்தியிலேயே தெரிய வேண்டும், ஆதாரத்துக்கு அடிக்குறிப்பு வேண்டும், பெரும்பாலும் சிகாகோ முறை என்ற மேற்கோள் விதிகளின்படி. ரூப்ரிக் (எதற்கு எவ்வளவு மார்க் என்ற அட்டவணை) கொடுத்திருந்தால் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதுங்கள். சீனியர் கட்டுரையிலிருந்து ஒரு பத்தியை உருவினால் மார்க் போவதோடு நிற்காது, ஒழுங்கு நடவடிக்கை வரைக்கும் போகும்.

கூச்சம் அதிகம் என்றால் ஆபீஸ் அவர்ஸில், அதாவது பேராசிரியர் மாணவர்களைச் சந்திக்க ஒதுக்கும் நேரத்தில், போய்ச் சொல்லுங்கள், சிலர் எழுத்தில் பதில் தர அனுமதிப்பார்கள். அப்புறம் பெற்றோருக்கு ஒன்று: மார்க் பற்றி நீங்கள் பேராசிரியருக்கு மெயில் போடாதீர்கள். 1974ஆம் ஆண்டு கூட்டாட்சிச் சட்டப்படி கல்லூரியில் சேர்ந்தபின் மார்க் போன்ற கல்விப் பதிவுகள் மீதான உரிமை மாணவருடையது, அவர் எழுதிக் கொடுக்காமல் பொதுவாக உங்களிடம் பேசவே மாட்டார்கள்.